ஒற்றைப் பலகை

ஒரு விடுகதை, அவிழுங்கள் பார்ப்போம். வேர் கிடையாது, தண்ணீர் குடிக்காது. அறுத்தால் வளரும், அறுக்காவிட்டாலும் வளரும். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் இடம் வைத்திருக்கும், ஒருவரும் அதில் உட்கார மாட்டார்கள். அது என்ன?

மரம் என்று சொல்லத் தோன்றும். மரமாக இருந்து முடிந்துபோன ஒன்று அது. கானான்விளைப் பிள்ளைகளைக் கேட்டால் விளையாட்டை நிறுத்தாமலே விடையைச் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் அதன் மேல்தான் ஆட்டுக்குட்டிகளை ஓட்டி விளையாடினார்கள், அதன் நிழலில்தான் பாடம் படித்தார்கள்.

காற்று அடிக்கிற பக்கமெல்லாம் செம்மணல் மேடுகள் இடம் மாறி அலைகிற தேரிக்காட்டு ஓரத்தில், வெள்ளைக்கார ஐயர்மார் குதிரையில் வந்து வேதம் சொன்ன காலத்தில், வேதத்தில் சேர்ந்த பனையேறிக் குடும்பங்களுக்கென்று மிஷன் நிலத்தில் புதிதாக உண்டான ஊர் கானான்விளை. வீடுகள் நூல் பிடித்ததுபோல் வரிசையாக இருந்தன. நான்கு மூலையிலும் எல்லைக்கல் இருந்தது. மணி அடித்தால் எழுந்தார்கள், மணி அடித்தால் ஜெபித்தார்கள். ஓய்வுநாளில் பனை ஏறவில்லை, எந்த நாளிலும் கள் குடிக்கவில்லை, எல்லைக்கல்லுக்கு அப்பால் விட்டுவந்த பழைய சாமிகளின் பெயரை வாயால் சொல்லவில்லை. வேதக்கோயிலில் எல்லாரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெரியவர், சின்னவர், சபை மூப்பர், விதவை எல்லாருக்கும் பாய்தான். அந்தக் கோயிலில் தரையிலிருந்து உயர்ந்த ஆசனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பாவம் செய்தவருக்கு.

அதற்கு ஒற்றைப் பலகை என்று பேர். பனையின் வைரத்தில் தாவீது ஆசாரி செய்தது, ஒரு ஆள் உட்கார அளவு. வடக்குச் சுவரில் ஒரு நுனி முட்டியிருக்க, சபையைப் பார்த்தபடி போட்டிருக்கும். அதில் உட்கார்கிறவர் முகத்தைப் பாயில் இருக்கிற அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கலாம். கானான்விளையில் யாரையாவது சபிக்க வேண்டுமென்றால், "நீ ஒசந்த எடத்துல உக்காருவ" என்பார்கள்.

ராகேலுடைய அம்மா பாக்கியத்தாய் அப்படி உயர்ந்த இடத்தில் உட்கார்ந்தது, ராகேல் சொன்ன ஒரு மெய்யினால்.

ராகேலின் அப்பா ஈசாக்கு பனையிலிருந்து விழுந்து இறந்தபின் தாயும் பிள்ளையும் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தார்கள். பனி முடிந்து வெயில் ஏறுகிற காலத்தில் பிள்ளைக்கு வைசூரி கண்டது. கானான்விளையில் வைசூரி என்றுதான் சொல்ல வேண்டும், அம்மை என்று சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பழைய சாமிகள் உள்ளே வந்துவிடுவார்கள். சபையையும் பள்ளிக்கூடத்தையும் நடத்துகிற வேதக்கண் உபதேசியார் நோய்க்கு அஞ்சாமல் வீட்டுக்குள் வந்து, பாயருகே முழங்கால் போட்டு, கண்ணீர் விட்டு ஜெபித்தார். மிஷன் மருந்தும் வந்தது. பிள்ளை கண் திறக்கவில்லை. அப்போது ஒரு மத்தியானம், ஊரே வெயிலுக்கு அடங்கிக் கிடந்த வேளையில், பாக்கியத்தாய் அரிசிமாவில் ஒரு விளக்குப் பிடித்துச் சேலைக்குள் மறைத்து, பிள்ளையை இடுப்பில் ஏற்றி, எல்லைக்கல்லைத் தாண்டிப் போய், தேரியில் ஒற்றையாக நிற்கிற வேப்பமரத்தடியில் அதை ஏற்றினாள். ராகேல் கண் திறந்தாள். அவள் முதலில் பார்த்தது அந்தச் சுடரைத்தான்.

பிறகு யாரோ கருகின மாவைக் கண்டு வந்து சொல்ல, உபதேசியார் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்டார். "வேப்பமரத்தடியில மாவிளக்கு வச்சது யாருன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க." விடை தெரிந்த எந்தக் கேள்விக்கும் கை தூக்குவதுபோல ராகேல் கை தூக்கினாள். மெய் சொன்னதற்காக அவளுக்கு, ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மேய்ப்பனின் வண்ணப்படம் ஒன்று கிடைத்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த படம். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா கஞ்சிப் பசை காய்ச்சி அதைச் சுவரில் ஒட்டினாள்.

ஓய்வுநாளில் சபை முன்னால் உபதேசியார் கேட்டார். "தவறு செய்தேன், அதற்காக வருந்துகிறேன்னு சொல்லும்மா. அவ்வளவுதான்."

"தவறுன்னு நீங்க சொன்னா தவறுதான் ஐயா. செஞ்சது நாந்தான், மறைக்கல. வருத்தந்தான் வரமாட்டேங்கு."

"ஏம்மா வரல?"

"பிள்ள பிழைச்சிட்டால்லா."

உபதேசியார் கெட்ட மனுஷர் அல்ல. "பலகையில உக்காந்தா வரும்" என்றார்.

"வந்தா சொல்லுதேன்" என்று பாக்கியத்தாய் போய் உட்கார்ந்தாள்.

சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அறுவடைக்குப் பின் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குள் வருத்தம் சொன்னால், தரையில் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். சொல்லாவிட்டால் எல்லைக்கல்லைத் தாண்டிப் போக வேண்டும். பிள்ளை போக வேண்டியதில்லை. பிள்ளையை மிஷன் பங்களாவுக்குப் பக்கத்தில் இருக்கிற பெண்பிள்ளைகள் விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பார்கள். அங்கே கட்டில் உண்டு, சிலேட்டு உண்டு, வாரத்துக்கு ஒரு நாள் கறி உண்டு. அம்மா மட்டும் இருக்க மாட்டாள்.

அடுத்த ஓய்வுநாளில் பலகை வளர்ந்திருந்தது.

சுவரிலிருந்து, செடி தண்டு விடுவதுபோல, அது ஒரு துண்டு வெளியே வந்திருந்தது. வந்த துண்டுக்குத் தனிக் காலும் இருந்தது. முன்னால் பாக்கியத்தாயின் இடம், அதற்கும் சுவருக்கும் நடுவே புதிதாக ஒரு குறுகலான இடம். பாக்கியத்தாய் போன வாரத்தைவிட அந்த அளவுக்கு வாசலை நெருங்கியிருந்தாள். சபையார் பார்த்தார்கள், பாட்டுப் பாடினார்கள், வெளியே வந்தபின் தாவீது ஆசாரியைச் சுற்றிக்கொண்டார்கள்.

"பச்சை மரத்துல செஞ்சீராக்கும்."

"பனை வைரம் வே அது. இரும்பு வளைஞ்சாலும் வளையும், இது ஒரு நூல் நகராது. நகந்திருக்குன்னா அது என் வேலை இல்ல" என்றார் ஆசாரி. ஆனாலும் வாளை எடுத்து, கூடுதல் துண்டை அறுத்துவிட்டு, மிச்சத்தைச் சுவரோடு தள்ளிவைத்தார். மறு வாரம் அதே குறுகலான துண்டு, அதே அளவில், அதே இடத்தில். அதை அறுத்தார். அது திரும்பவும் வந்தது. இனி அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டபின், அதற்குப் பின்னால், சுவர்ப் பக்கமாக, அகலமான ஒரு இடம் முளைத்தது. அதையும் அறுத்தார், அதுவும் திரும்ப முளைத்தது.

அறுத்த துண்டுகளைக் கானான்விளைக்காரர்கள் வீணாக்கவில்லை. எதையும் வீணாக்குகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. பனையில் ஈர்க்கைக்கூடத் துடைப்பமாக்குகிறவர்கள். ஒருத்தி துண்டைக் கொண்டுபோய் அடுப்படியில் மணையாகப் போட்டுக்கொண்டாள். ஒருவர் வாசல்படிக்கு வைத்தார். சபை மூப்பர் ஞானமுத்து, இருக்கிறதில் அகலமான துண்டாகப் பார்த்து எடுத்துப்போய், அதன் மேல் உட்கார்ந்துதான் தினமும் கருப்பட்டி எடை போட்டார், ஊரில் அவர்தான் அகலமானவர் என்பதால். வீட்டுக்கு ஒரு துண்டு சேர்ந்து, இனி வைக்க இடமில்லை என்றானபின் அறுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பலகை வாராவாரம் வளர்ந்தது. காலுக்கும் காலுக்கும் நடுவே ஒரு ஆள் இடம். ஒரு இடம் அகலம், ஒரு இடம் ஒடுக்கம், ஒன்று நடுத்தரம். பார்க்கப் பார்க்க ஜனங்களுக்கு அந்த அகலங்கள் பழகின முகங்கள் மாதிரி ஆகிவிட்டன. கண்ணால் பலகையைப் பார்ப்பார்கள், பிறகு சுற்றும் முற்றும் ஆட்களைப் பார்ப்பார்கள், பிறகு கூரையைப் பார்ப்பார்கள்.

பதனீர்க் கலயத்தோடு போன எஸ்தர் ஒரு நாள், கோயில் வாசலில் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த மூப்பரைக் கண்டு நின்றாள். எல்லாரையும் வாயடைக்கிறவள் அவள். "அண்ணாச்சி, இந்த எடத்துல நீங்க உக்காந்தா எறும்பு போகவும் எடம் இருக்காது போலுக்கே."

மூப்பர் ஞானமுத்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "நான் எளைச்சிட்டேன், பாக்கல?"

"நீங்க எளைச்சிட்டீய. அது எளைக்கலையே."

"பக்கத்து எடம் யாருக்குன்னு நான் கேட்டனா, மதினி?"

எஸ்தர் கலயத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கடைசியில் சபைக்கூட்டம் போட்டு, பனைநாரால் எல்லாரையும் அளந்து எந்த இடம் யாருக்கு என்று கண்டுபிடித்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஆண்களை ஆசாரி அளந்தார், பெண்களை எஸ்தர் அளந்தாள். ஆளுக்கு ஒரு முடிச்சுப் போட்ட அந்த நீள நாரைப் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அது அடுப்பொன்றில் விழுந்து எரிந்துபோனது. யார் அடுப்பு என்று யாரும் கேட்கவில்லை. அளக்கும்போது பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை. முதலில் வந்த குறுகலான இடம் எந்தப் பெரிய ஆளுக்கும் சேராது என்று கண்ணாலேயே தெரிந்ததால், அது மரத்தின் கோளாறு என்று ஆனது. அது யாருடைய அளவு என்று ராகேலுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு யாரும் கை தூக்கச் சொல்லவில்லை.

பலகை வாசல் நிலையைத் தொட்டபோது ஆசாரி நிலையைக் கொஞ்சம் அகற்றிக்கொடுத்தார். பாக்கியத்தாய் கோயிலுக்கு வெளியே வந்தாள். வெயிலுக்கு ஓலைக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே நடக்கிற பாட்டை வெளியிலிருந்து ஒரு சொல் பின்னால் பாடுவாள். அவளுக்கும் கேட்க வேண்டுமென்று உபதேசியார் குரலை உயர்த்திப் பிரசங்கம் பண்ணினார், வாரத்துக்கு வாரம் இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பலகை முற்றத்தில் இறங்கி, கிணற்றடியைச் சுற்றி, தெருவோரமாகக் கிழக்கே போயிற்று. ஜனங்கள் அதனோடு இருக்கப் பழகிக்கொண்டார்கள். அதில் கருப்பட்டியைக் காயவைத்தார்கள், ஆட்டைக் கட்டினார்கள், தண்ணீர்க் குடத்தை இறக்கி மூச்சு வாங்கினார்கள். எதையும் வைக்கலாம், உட்காரத்தான் கூடாது. பங்களாவிலிருந்து வெள்ளைக்கார ஐயர் வந்தபோது குதிரை அதன் முன்னால் நின்றுவிட்டது. "இது என்ன?" என்றார். "பலகைங்க ஐயா" என்றார்கள். "நீளமான பலகை" என்று சொல்லி, தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு ஜெபம் பண்ணப் போனார். அடுத்த வாரம் முளைத்த இடத்தின் கால்கள் மற்றதைவிட உயரமாக இருந்தன. ஐயர் நெட்டையான மனுஷர்.

கோயிலைப் பெருக்குகிற முறை ராகேலுக்கு வந்த ஒரு காலையில், உள்ளே உபதேசியார் தனியாக நின்றார். சுவரோரம் அப்போதுதான் வந்திருந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். ஒரு கையை ஊன்றினார். முழங்கால் மடங்கி, உடம்பு பாதி இறங்கிவிட்டது. அப்போது பள்ளிக்கூட மணி அடித்தது. அவர் நிமிர்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லாப் பெருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமும் பாக்கியத்தாய் ஒரு ஆள் தூரம் நகர்ந்தாள்.

எங்கே போகிறது என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. கிழக்கு மூலையில் எல்லைக்கல். உள்ளே யார் யாரோ உட்காராமல் விட்ட இடமெல்லாம் சேர்ந்து அம்மாவை அதற்கு நேராகத் தள்ளிக்கொண்டு போவதை ராகேல் பார்த்தாள். பதனீர் காய்ச்சுகிற அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டே ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"வருத்தம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னம்மா?"

"வந்தா சொல்லாம இருப்பனா?"

"வராட்டாலும் சொல்லேன்."

பாக்கியத்தாய் அகப்பையால் நுரையை ஒதுக்கினாள். "மெய் சொல்லி நீ வாங்குன படம் சுவத்துல இருக்கு. அதுக்கு முன்னால நின்னு நான் பொய் சொல்லட்டா?"

ராகேலுக்கு அழுகை வந்தது. "நான் கை தூக்கியிருக்கக் கூடாது."

"ஏட்டி, கேட்டாவ, தெரிஞ்சத சொன்ன. நான் ஒன்னைய ஏசுனனா? அடுப்பப் பாரு, பொங்குது."

அசனப் பண்டிகை வந்தது. கோயிலுக்குக் கிழக்கே எல்லைக்கல் வரைக்கும் மைதானத்தில் கோட்டை அடுப்புகள் போட்டு, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆயின. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விடுதிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு பந்தல். மற்றவர்களுக்கு எப்போதும்போல மண் தரை. பலகை மைதானத்தைக் குறுக்கே கடந்து, அதன் நுனி எல்லைக்கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. நுனியில் பாக்கியத்தாய். இன்னும் ஒரே ஒரு இடம் முளைத்தால் அவள் அந்தப் பக்கம். மேற்கே அவளை அடுத்து அந்தக் குறுகலான இடம், அதற்கப்புறம் வரிசையாக ஊர் முழுவதும்.

மடித்த பனையோலைப் பட்டைகளில் சோறு வாங்கி முடித்த நேரத்தில் மழை பிடித்தது. தேரி மழை, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. செம்மண் குழைந்து சேறாயிற்று. பாய் விரிக்க வழியில்லை. ஓலைப் பட்டையில் குழம்பு ஆடிக்கொண்டிருக்க, உட்கார இடமில்லாமல் எல்லாரும் நின்றார்கள். மைதானத்தில் தரையிலிருந்து உயர்ந்து, துடைத்தால் காய்ந்துவிடும்படி, ஒன்றுதான் இருந்தது. மெல்ல மெல்ல, சேற்றுக்கு ஒதுங்கினதுபோல, ஜனங்கள் அதன் ஓரத்துக்கு வந்தார்கள். கை வலித்து ஒவ்வொருவராகப் பட்டையைப் பலகைமேல் இறக்கி வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் அளக்கவில்லை. ஆனால் மூப்பர் ஞானமுத்து அந்த அகலமான இடத்துக்கு முன்னால்தான் நின்றார், பக்கத்து இடத்துக்கு முன்னால் எஸ்தர் நின்றாள், கோயில் பக்கத்தில், கடைசிக்கு முன் இடத்தில், உபதேசியாருடைய பட்டை இருந்தது.

"ஆறிப்போவுதே" என்றாள் எஸ்தர்.

"நின்னுகிட்டே தின்னு பழக வேண்டியதுதான்" என்றார் ஆசாரி. "வீட்டுல எல்லாரும் இதுமேலதான் உக்காந்து திங்கிய. இங்க என்ன வந்துது?"

யாரும் உட்காரவில்லை.

உபதேசியார் சேற்றில் நடந்து கிழக்கு நுனிக்கு வந்தார். ஈரம் சொட்டிக்கொண்டு நின்று, கடைசி முறையாகக் கேட்டார். "பாக்கியத்தாய், வருத்தம் வந்துதா?"

"மழையில நனைஞ்சு நிக்கியளேன்னு வருத்தமாத்தான் இருக்கு ஐயா. நீங்க கேக்கது வரல."

அவர் சிரிக்கப் பார்த்து முடியாமல், ராகேலின் பக்கம் திரும்பினார். அவள் கையில் பட்டையை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே நின்றிருந்தாள். விடுதிக்குப் போகிற வண்டி பந்தல் பக்கத்தில் மாடு பூட்டி நின்றது.

அவர் குனிந்து, பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "கேளும்மா. பந்தலுக்குப் போய் மத்தப் பிள்ளைகளோட சாப்பிட்டா, நீ விடுதிப் பிள்ளை. சாப்பிட்டதும் வண்டி கிளம்பும். இங்க நின்னு, அம்மா கூட இருந்து சாப்பிட்டா, நீ பலகைப் பிள்ளை. அம்மா எங்க போறாளோ அங்க போகணும். நான் தடுக்க முடியாது. ஒன்னைய யாரும் அடிக்கவோ ஏசவோ மாட்டாங்க. நீயே சொல்லு."

"போ மக்கா" என்றாள் பாக்கியத்தாய். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, எல்லைக்கல்லுக்கு அப்பால் மழையில் கழுவப்பட்டு நின்ற வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னாள். "அங்க கட்டில் உண்டு. போ, சோறு ஆறுது."

பலகை நெடுகிலும் கிழக்கே முகம் திருப்பி நின்றார்கள். அந்த நீளத்தில், ஐயருடைய உயரமான இடம் போக, பட்டை வைக்காத இடம் ஒன்றுதான் இருந்தது, அம்மாவுக்குப் பக்கத்தில்.

ராகேல் பாவாடையால் அந்த இடத்தைத் துடைத்தாள். பட்டையை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இடம் சரியாக இருந்தது. கால் தரையில் எட்டவில்லை. பட்டையைத் திரும்ப வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள்.